கணுக்கால் அளவு

மார்ச் 3
நாலாவது ஊசிக்கு முன் எக்கோ எடுத்தார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் அறுபத்திரண்டு சதவீதத்திலிருந்து ஐம்பத்தாறுக்கு இறங்கியிருக்கிறது. சிவப்பு மருந்து புற்றையும் கொல்லும், இதயத்தையும் கொஞ்சம் பதம் பார்க்குமாம். தினமும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே போன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நோய்க்குப் பார்ப்பதா, மருந்துக்குப் பார்ப்பதா?

வீட்டுக்காரர் அப்போது மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். "தினமும் எடை பாக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 6
என் சுடிதார்களை எல்லாம் பிடித்துத் தைத்துவிட்டார். தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டதில் இது ஒரு சௌகரியம். இளைத்தால் புதுத்துணி வாங்க வேண்டாம். ஊசியில் நூல் கோக்கும்போது கண் கலங்குகிறது அவருக்கு. கேட்டால், "வயசாச்சுல்ல" என்கிறார்.

மார்ச் 15
ஒன்றேகால் கிலோ கூடியிருக்கிறேன்.

மார்ச் 16
இன்னும் ஒரு கிலோ. மனிதர் துள்ளிக் குதிக்கிறார். தங்கைக்குப் போன் போட்டு, "உங்கக்கா தேறிட்டாம்மா!" என்று ஒரே கூச்சல். போட்ட தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் செருப்பில் கால் நுழையவில்லை. மாடியேறும்போது நாலாவது படியில் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஊசியை நிறுத்திவிட்டால்? இன்னும் இரண்டுதானே பாக்கி! அதுவும் இவர் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறார் — அதில் எப்படி மண்ணை அள்ளிப் போட?

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். "சத்தம் வந்தப்பவே ஏன் சொல்லலை?" என்று எத்தனை பேரைக் காய்ச்சியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 18
மத்தியானம் படுத்தால் மூச்சு முட்டியது. சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். புதுசாகத் தைக்கப் போகிறேன் என்று அளவு நாடாவோடு வந்தார். கை பழைய அளவுதான். தோளும் அப்படியே. அவர் முகம் மாறிவிட்டது. கணுக்காலில் நாடாவைச் சுற்றினார். கட்டை விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவே இல்லை.

"இது சதை இல்லம்மா."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நான் சிரிக்கணும்னு நீ சாகப் போறியா? அறிவிருக்கா உனக்கு?" — இருபது வருஷத்தில் இப்படிக் கத்தியதில்லை. கத்திக்கொண்டே வண்டிக்குப் போன் செய்தார். எனக்குப் பயமாக இருந்தது. சாவை நினைத்து இல்லை. அவர் நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தியதைப் பார்த்து.

மார்ச் 19. ஆஸ்பத்திரி
எக்கோவில் நாற்பத்தாறு.

"ஏன் போன் பண்ணலை?" என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "தப்பு என்னுதுங்க. தேறுதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிவப்பு மருந்து நின்றது. இதயத்துக்கு மாத்திரை, நீர் இறங்க மாத்திரை. பாக்கி இரண்டு ஊசிக்கு வேறு மருந்து இருக்கிறதாம்! கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாராம்.

ஏப்ரல் 9
காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நாடாவோடு வந்துவிடுகிறார். ஆர்டர் நோட்டில் யாருடைய சட்டைக் காலருக்கோ கீழே என் கணுக்கால். டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சிரிக்கவில்லை.

ஜூன் 2
கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம். எக்கோ ஐம்பத்து நாலு.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே, இனிமே எதுக்குங்க அளக்கணும்?" என்றேன்.

"மழை விட்டும் தூவானம் விடலை. இதயத்தை இன்னும் ஒரு வருஷம் பாக்கணும்னு சொன்னாங்கல்ல? காலை நீட்டு."

நீட்டினேன். இரண்டையும்.