ஏழாம் உருவத்தின் சட்டை

அனுப்புநர்
டிஜிட்டல் உடை சீரமைப்பாளர் (ஒப்பந்தப் பணி),
உடற்பயிற்சி உருவங்கள் பிரிவு.
இருப்பிடம்: இரண்டாம் மாடி, பின்பக்க வீடு,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மறுவாழ்வுப் பயிற்சி இயக்ககம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: வீட்டுப் பயிற்சி மென்பொருள் – சட்டை கோணலானதற்காக ஏழாம் எண் உள்ளிட்ட ஒன்பது உருவங்கள் நீக்கப்பட்டது – சட்டை தற்போது சரிசெய்யப்பட்டுவிட்டது – உருவங்களை அழிக்காமல் திரும்பச் சேர்க்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 'பிழையுள்ள உடல் வடிவங்களை நீக்குதல்' என்ற தலைப்பில் தங்கள் அலுவலகம் பிறப்பித்த உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் இயக்ககத்தின் வீட்டுப் பயிற்சி மென்பொருளில், திரையில் நின்று கைகால் அசைத்துக் காட்டும் உருவங்களுக்கு உடை உடுத்தும் வேலையை நான் செய்து வருகிறேன். ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்கு ஒழுங்காக வராது. ஆனாலும் அலுவலகத்தில் என்னை 'டெய்லர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். விவரம் தெரியாதவர் யாரோ எழுதிய மனு என்று இது மேசையிலேயே ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2. மென்பொருளில் அடிப்படை உருவம் ஒன்றுதான். அதைப் பருமனாக்க, மெலிய வைக்க, முதுகை வளைக்க, ஒரு காலைக் குறுக்க என்று தனித்தனி வடிவ மாற்றங்கள் உண்டு. இவற்றை நாங்கள் மார்ஃப் என்போம். பயனாளர் தம் உடம்பு போன்ற உடம்பைத் தேர்ந்தெடுத்தால், அந்த உடம்பு எப்படிப் பயிற்சி செய்ய வேண்டுமோ அப்படி உருவம் செய்து காட்டும். இந்த யோசனை தங்கள் இயக்ககத்துடையது. நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

3. சிக்கல் சட்டையில் வந்தது. உடம்பை மாற்றினால், சட்டை அந்த உடம்பைப் பார்த்துத் தானாக மாறிக்கொள்ளும்படி மென்பொருள் அமைந்திருக்கிறது. நிமிர்ந்த உடம்புகளில் அது சொன்னபடி கேட்கும். முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்த ஏழாம் உருவத்தில் அது தன் இஷ்டத்துக்குப் போனது. காலர் ஒரு காது வரை ஏறியது. பொத்தான்கள் முட்டை போல நீண்டன. சட்டைப்பை அக்குளில் போய் உட்கார்ந்தது. வலது முதுகு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. அதிகாரிகளுக்குச் செயல்விளக்கம் காட்டிய அன்று உருவம் திரும்பி நின்றதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. 'அநாகரிகத் தோற்றம்' என்று குறிப்பு எழுதப்பட்டது. அந்தக் குறிப்பு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை என்பது உண்மை.

4. அதன் பிறகு எங்கள் குழு மாறி மாறி உட்கார்ந்து அந்தச் சட்டையைத் திருத்தியது. வலது முதுகில் ஓட்டையை அடைத்தால் இடது தோளில் புடைக்கும். இடது தோளைத் தட்டினால் வலது முதுகு மறுபடி வெளியே வரும். 'இந்த உடலுக்குச் சட்டையைப் பொருத்த இயலாது' என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் அறிக்கை கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடைக்கால ஏற்பாடாக எல்லா உருவங்களுக்கும் மேலே ஒரு தொளதொளத்த அங்கி போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்து, போட்டும் பார்த்தோம். கோணல் மறைந்தது, கூடவே முதுகும் மறைந்தது. முதுகுப் பயிற்சியை முதுகு தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சிகிச்சை மையத்தின் பயிற்சியாளர் கேட்டார். அங்கியைக் கழற்றிவிட்டோம்.

5. அதற்குப் பிறகே பார்வையில் கண்ட உத்தரவு வந்தது. சட்டை பொருந்தாத ஒன்பது உடல் வடிவங்களும் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. செருப்பு சேரவில்லை என்று காலை வெட்டியது போல் ஆகிவிட்டது என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. இனி எழுதப்போவது என் வீட்டு விஷயம். அக்காவுக்காக எழுதுகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். ஆம், அக்காவுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குச் சிறு வயது முதலே முதுகெலும்பு வலப்பக்கம் வளைந்திருக்கிறது. பள்ளியில் அவருக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்தார்கள். அவர் இப்போது பார்சல் அலுவலகத்தில் பொதிகளைப் பிரித்து அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறார். அங்கே அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை. ஆனால் வளைவு கூடக் கூட விலா எலும்புகள் நுரையீரலை நெருக்குகின்றன. மூச்சுப் பயிற்சியும் பக்கவாட்டுப் பயிற்சியும் விடாமல் செய்தால் நெருக்கம் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூச்சுக் கருவியோடுதான் இருக்க வேண்டி வரும் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அக்கா பல ஆண்டுகளாக எந்தப் பயிற்சிக்கும் பிடிகொடுக்கவில்லை. படத்தில் இருப்பவர்கள் எல்லாம் மூங்கில் கழி மாதிரி நிற்கிறார்கள், அதைப் பார்த்து நான் என்ன செய்ய என்பார்.

ஏழாம் உருவத்தை வீட்டுத் திரையில் முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது அவர் திரைக்கு அருகே போய் நின்றார். பிறகு, "இவளுக்கும் வலது கை முழுசா மேல போகல பாரு" என்றார். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் அந்த உருவத்தோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சட்டை அப்போதும் கோணல்தான். அதைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு தடவை: "இவளோட டெய்லர் நீதானா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் வீட்டுப் படிக்கட்டில் அவர் முன்பெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார். பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில் நிற்காமல் வீடு வரை ஏறினார். ஏறி வந்து கதவைத் தட்டி, ஒன்றும் நடக்காதது போல் குடையை மாட்டினார். நானும் ஒன்றும் நடக்காதது போலக் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன்.

7. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அடுத்த வாரம் உருவம் காணாமல் போனது. அதற்குப் பதிலாக வந்த நிமிர்ந்த உருவத்தைப் பார்த்து அக்கா சில நாள் முயன்றார். அது இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்கிறது. அக்காவுக்கு ஒரு பக்கம் நீட்ட வேண்டும், மறுபக்கம் அடக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே செய்ததில் விலாவில் பிடித்துக்கொண்டது. பயிற்சியை நிறுத்திவிட்டார். நடந்ததை நான் விளக்கிச் சொன்னபோது அவர் சொன்னதைத் தங்கள் பார்வைக்கு அப்படியே வைக்கிறேன்: "சட்டை நல்லா இருக்கணும்னு ஆளையே எடுத்துட்டீங்களாடி?"

8. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் சட்டையை மறுபடி கையில் எடுத்தேன். உண்மையில் ஒரு சட்டை அப்படிப்பட்ட முதுகில் எப்படி விழுகிறது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கணினியில் இருக்கும் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் முதுகைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எங்கள் குடும்பப் படங்கள் எதிலும் அவர் சுவரை ஒட்டித்தான் நிற்பார். முதுகு தெரிய ஒரு படமும் கிடையாது. கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தவித்தேன். அவர் தன் அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "சீக்கிரம் எடு, வேலைக்கு நேரமாச்சு" என்றார்.

படத்தில் வலது முதுகில் துணி இறுகி வழுவழுப்பாக இருந்தது. இடப்பக்கம் இடுப்பில் அது தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அப்போதுதான் எங்கள் கை செய்துகொண்டிருந்த காரியம் புரிந்தது. எங்கள் மென்பொருளில் 'சமச்சீர்' என்று ஒரு டிக் உண்டு. அது இருந்தால் ஒரு பக்கம் செய்யும் திருத்தம் அப்படியே மறுபக்கமும் பதியும். பாதி வேலை மிச்சம் என்பதால் காலையில் மென்பொருளைத் திறந்ததுமே அதைப் போட்டுவிடுவோம். பிறகு அது இருப்பதே நினைவில் இருக்காது. வலது முதுகில் நாங்கள் தளர்த்தியதெல்லாம் இடப்பக்கமும் தளர்ந்து, தோளில் புடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு கையால் போட்ட கோலத்தை மறுகை கலைத்த மாதிரிதான் அத்தனை நாளும் உழைத்திருக்கிறோம்.

டிக்கை எடுத்தேன். ஏழாம் உடம்பின் மேல் சட்டையைப் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகத் திருத்தினேன். பொத்தான்களும் பையும் வளையாமல் துணியோடு நகர்ந்தால் மட்டும் போதும் என்று கட்டிவைத்தேன். முதுகு வளையும் அளவுக்குத் தகுந்தபடி இந்தத் திருத்தமும் சேர்ந்தே வரும்படி சட்டைக்குள் பதிந்தேன். இப்போது உருவம் குனிந்தாலும் சாய்ந்தாலும் திரும்பினாலும் சட்டை சட்டையாக இருக்கிறது. இதே முறையில் மற்ற எட்டில் ஆறு சரியாகிவிட்டன. முழங்கைக்கு மேலே கை முடியும் உருவத்திலும், ஒரு கால் இல்லாததால் இடுப்பு சாய்ந்த உருவத்திலும் சட்டைத் துணியில் இன்னும் முடிச்சு விழுகிறது. அவையும் சரியாகிவிட்டன என்று எழுதி மனுவுக்கு மெருகேற்ற நான் விரும்பவில்லை. முடியும் என்று நம்புகிறேன், நேரம் வேண்டும்.

9. திருத்திய சட்டையை ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். அவர் உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மேலிடத்து உத்தரவு இருக்கே, நான் எப்படிச் சேர்க்க?" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிய பதிப்பு இம்மாத இறுதியில் பூட்டப்படுகிறது. நீக்கப்பட்ட உருவங்கள் இப்போது வீட்டுத் திரைகளில் வராமல் அலுவலகச் சேமிப்பில் மட்டும் இருக்கின்றன, பதிப்பு பூட்டப்பட்டதும் அங்கிருந்தும் அழிக்கப்படும். அழிந்தபின் சட்டை மட்டும்தான் கையில் இருக்கும், போட்டுக்கொள்ள ஆள் இருக்காது.

10. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ) மாத இறுதியில் நடக்கவிருக்கும் அழிப்பை இந்த ஒன்பது உருவங்கள் அளவில் உடனே நிறுத்திவைக்கவும்;

ஆ) திருத்திய சட்டையோடு ஏழாம் உருவத்தையும், சரியான மற்ற ஆறு உருவங்களையும் புதிய பதிப்பில் சேர்க்கவும், மீதி இரண்டுக்கு அவகாசம் தரவும்;

இ) முன்பு செயல்விளக்கம் பார்த்த அதே அதிகாரிகள் முன்னிலையில், அதே அறையில், ஏழாம் உருவத்தைத் திரும்பி நிற்கவைத்துக் காட்ட எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்கவும்;

ஈ) பார்வையில் கண்ட உத்தரவின் தலைப்பில் 'பிழையுள்ள உடல் வடிவங்கள்' என்று இருப்பதைத் திருத்தவும் வேண்டுகிறேன். பிழை இருந்தது சட்டையில். சட்டை என் வேலை. அந்த உடம்புகளில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தலைப்பை அக்கா வாசித்துவிட்டார். நான்கு வேண்டுகோள்களில் இதற்குத்தான் செலவே கிடையாது.

தங்கள் உத்தரவு ஒரு சட்டையை வைத்துப் பிறந்தது. சட்டை மாறிவிட்டதால் உத்தரவும் மாறும் என்ற நம்பிக்கையில் இதைத் தங்கள் முன் வைக்கிறேன்.

இணைப்பு:
திருத்திய சட்டையின் கோப்பு.
உருவம் முன்னும் பின்னும் திரும்பும் காணொளி.
என் அக்காவின் முதுகுப் புறப் படங்கள், அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன்.

நாள்: 14, செவ்வாய்க்கிழமை
இடம்: மேற்படி இருப்பிடம்

இப்படிக்கு,
(ஒப்பம்)
டிஜிட்டல் உடை சீரமைப்பாளர்

உடன் கையொப்பம்,
(ஒப்பம்)
மனுதாரரின் அக்கா,
ஏழாம் உருவத்தின் பயனாளர்

குறிப்பு: படங்கள் போதவில்லை என்றால் நேரில் வரவும் அக்கா சம்மதித்திருக்கிறார். தங்கள் அறை மூன்றாம் மாடியில் இருப்பதாகவும் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதாகவும் விசாரித்ததில் தெரிந்தது. எனவே கீழே வரவேற்பறையில் அவரைச் சந்திக்கத் தாங்கள் மனமிரங்க வேண்டும். அந்த உருவம் இருந்தபோது கூப்பிட்டிருந்தால், அவரே மேலே ஏறி வந்திருப்பார்.