நனையாத கட்டுச்சோறு

மச்சான், ஒல்லாந்தர் விடுதியின் சமையற்கட்டில் இன்றைக்கும் ஆமைக்கறி கொதிக்கிறது. நீ படகு ஓட்டிய துறையில், உன் இடத்தில், இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கொழுப்பு வாடை மூக்கில் ஏறினால் முதலில் உன் நினைப்பு வருகிறது, அப்புறம்தான் குமட்டல்.

வலையில் ஆமை சிக்கினால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கடலில் விடுகிற ஊர் நம்முடையது. கோட்டையிலிருந்து வேட்டைக்கு வரும் துரைமாருக்கு அதெல்லாம் ஏது? ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, ஆளரவமில்லாத மணல்மேட்டில் விடுதி கட்டினார்கள். பூநாரைகளைச் சுட்டார்கள். ஆமை முட்டையிட்ட குழிகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. கேட்டால் நரி தின்றுவிட்டது என்றான் விடுதிக் காவல்காரன். நீ என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழியைக் காட்டினாய்.

"நரி தின்னா முட்டத் தோலு செதறிக் கெடக்கும் மச்சான். இங்க ஒண்ணுத்தியும் காணோம். நரி இன்னா, கூடையிலயா அள்ளினு போச்சு?"

அன்றிலிருந்து விடியுமுன் போய், குழி இருக்குமிடம் காவல்காரனுக்குத் தெரியாதபடி, ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பனையோலையால் பெருக்கி அழித்தாய். அவன் சிரித்துப் பேசினால்கூட, "இவன் இன்னாத்துக்குப் பல்லக் காட்றான்?" என்பாய். நண்டு வளைக்குள் போனாலும் சந்தேகப்படுகிற ஆள் என்று நான் உன்னைக் கிண்டல் செய்வேன்.

பிறகு ஒரு நாள் அந்தக் காவல்காரனே ஊருக்கு வந்து, முகத்துவாரத்தில் அலை உன்னைக் கொண்டுபோய்விட்டது என்றான். உடம்பு கிடைக்கவில்லை. ஊர் அழுதது, நம்பியது. நான் விடுதித் துறைக்குப் போய் உன் படகில் இறங்கிப் பார்த்தேன். நீ கொண்டுபோன கட்டுச்சோறு அப்படியே இருந்தது. துணிகூட நனையவில்லை. ஆளையே தூக்கிப்போன அலைக்கு அந்தச் சோற்றின் மேல் அவ்வளவு கரிசனமா?

உன் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ இல்லாமல் இந்த மணல் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் தடம் பெருக்குகிறேன். நேற்று காவல்காரன், "இன்னாபா, ஆமை ஏதும் ஏறலயா?" என்று கேட்டான்.

"ஏறிச்சு. முட்டைய நரி தின்னுட்டுது போலக் கீது" என்றேன்.

அவன் என் படகில் கிடந்த பனையோலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

இன்று காலை சோறு கட்டிக் கொடுத்த உன் பெண்டாட்டியிடம், என் தங்கச்சியிடம், சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்: "என்னையும் அலை கொண்டுபோச்சுனு எவனாவது வந்து சொன்னா, ஒடனே அழாத. மொதல்ல சோத்து மூட்டயத் தொட்டுப் பாரு."