விசாரணைக்கு வந்தவருக்குக் கோழிக் குழம்பு

அக்கா,

இன்று காலை கருவூலத்தில் எனக்கு இஞ்சி டீ கொடுத்தார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் காட்டிவிட்டு வருவேனே, அந்த ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போயிருந்தேன். சாக்பீஸ் பிடித்தே தேய்ந்துபோன என் விரல்களை ரேகைக் கருவி ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "செத்த நேரம் உக்காருங்க டீச்சர், மெசினு தெளியட்டும்" என்று சொல்லி டீயும் வரவழைத்தார். இஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லப்பா. ஆபீசர் வாங்கிக் கொடுத்து நான் குடிக்கிறேன். எங்க தெருவுல இது தலைகீழா நடந்துச்சு."

அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

இந்த நேர்காணலை நீங்கள் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறீர்கள்! "உசுரோட இருக்கேன்னு சொல்ல ஆட்டோ புடிச்சுப் போற ஒரே ஆளு நீதேன் டீச்சரு. நான் தெனமும் இந்தக் கத்து கத்துறேன், ஒருத்தரும் வந்து பதிவு பண்ண மாட்டேங்குறாக" என்பீர்கள். எதிர் வீட்டு வாசலில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்து வெங்காயம் ஆய்ந்துகொண்டே இதைச் சொல்வீர்கள். நான் ஆட்டோவில் ஏறும்வரை தெருவே சிரிக்கும்.

வெங்காயப் பேட்டையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர் நீங்கள். பெரியது, சிறியது, அழுகல் என்று பிரித்துப் போடுவதில் உங்கள் கைவேகம் அங்கே பேர்போனது. உங்கள் வீட்டுக்கார அண்ணன் இறந்த பிறகும் அந்த ஒற்றை அறை வீட்டின் வாடகையை அந்தக் கைதான் கட்டியது. பிறகு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வேலை பாதியானது. உங்கள் மகன்களில் பெரியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், சின்னவன் வேடசந்தூரில் நூல் மில்லில். இருவரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு வந்தார்கள்: அறையைக் காலி செய்துவிட்டு, அம்மா மாதம் ஒரு வீட்டில் இருக்க வேண்டியது.

அவர்கள் பேருந்து ஏறியதும் நீங்கள் நேராக என்னிடம் வந்தீர்கள்.

"டீச்சரு, மாசத்துக்கொரு ஊர்ல கொண்டுபோயி எறக்க நான் என்ன சர்க்கஸ் கூடாரமா? அவனுகளே ஒண்டிக் குடித்தனம் இருக்கானுக. காலை நீட்டுனா மருமக மேல படும், மடக்குனா பேரன் மேல படும். இந்த அறையில நான் ஒருத்தியாக் கெடந்துக்கிறேன். அதுக்கு ஒரு வழி சொல்லு."

வழி என்னவென்று இருவருக்குமே தெரியும், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கு அரசு தருகிற முதியோர் உதவித்தொகை. அது வந்தால் வாடகைக்கு ஆகும். பேட்டையில் கிடைக்கிற கொஞ்சநஞ்சத்தில் சோறு ஆகும். வராவிட்டால் கூடாரத்தைக் கிளப்ப வேண்டியதுதான். ரேஷன் அட்டை, ஆதார், புகைப்படம் எல்லாம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்தோம். போட்டோ எடுக்கும்போது நீங்கள் பல் தெரியச் சிரித்ததும், "பாட்டி, கொஞ்சம் சோகமா பாருங்க" என்று அந்த மையத்துப் பெண் சொன்னதும், "எதுக்கு? நான் என்ன கேஸா குடுக்க வந்தேன்?" என்று நீங்கள் கேட்டதும் நினைவிருக்கிறது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விசாரணைக்கு ஆள் வரும்போது நான் ஊரில் இல்லை. திருச்சியில் மகள் வீட்டில் இருந்தேன். சாவி வழக்கம்போல உங்களிடம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் என் டேபிள் ஃபேனைக் காணோம். சாய்வு நாற்காலியைக் காணோம். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களையும் காணோம். திருட்டு போய்விட்டது என்று அலறிக்கொண்டு உங்கள் வாசலுக்கு ஓடி வந்தேன். நீங்களோ பூரிப்போடு வெளியே வந்தீர்கள்.

"களவும் போகல, ஒண்ணும் போகல. உள்ள வந்து பாரு. ஆபீசரு வந்துட்டுப் போனாரு."

உள்ளே என் ஃபேன் என் நாற்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜமுக்காளம் தையல்காரர் வீட்டுடையது. சுவர்க் கடிகாரம் மளிகைக் கடையுடையது. கடைசி வீட்டிலிருந்து ஒரு சீப்பு சிறுமலைப் பழம். தின்றது போக மீதியைத் திருப்பித் தருவதாகப் பேச்சாம். பெட்டியில் வைத்துவைத்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்த கல்யாணப் பட்டுச் சேலையை நீங்கள் கட்டியிருந்தீர்கள்.

"அக்கா, இதென்ன கோழி வாசம்?"

"வந்த மனுசனுக்கு வெறுஞ்சோறா போட முடியும்? நல்ல தம்பி. வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே ரெண்டாந்தரமும் வாங்குச்சு."

"உங்களை யாரு பாத்துக்கிறாங்கன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. எம்புள்ளைக ரெண்டும் தங்கம், ராசாத்தியாட்டம் வச்சுருக்கானுகன்னு சொன்னேன்."

நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனு தள்ளுபடியானது. நான் அந்தக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "டீச்சர், என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. ஃபேனு, சேரு, பட்டுச் சேலை. எங்க வீட்லயே மாசக் கடைசில கோழி கெடையாது."

"தம்பி, அந்த ஃபேன் என்னுது. சேரும் என்னுது."

"கோழி?"

"கோழி அவங்களுது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து உங்களைத் திட்டினேன். நீங்கள் அசரவில்லை. "வாசப்படி ஏறி வந்த மனுசன்கிட்ட இல்லேன்னு காட்டுனா மதிப்பாகளா?" என்று கேட்டீர்கள். "மதிக்க வேணாம் அக்கா, மனுவ ஏத்துக்கிட்டாப் போதும்" என்றேன். அது உங்கள் காதில் ஏறவே இல்லை.

மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை நான் விடுவதாக இல்லை. பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுபோல மாலை மாலை உங்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். நான் அதிகாரி, நீங்கள் நீங்களேதான்.

"வணக்கம்மா. விசாரணைக்கு வந்திருக்கேன்."

"வாங்க, வாங்க. என்ன இப்புடி எளைச்சுப்போயி வந்துருக்கீக? காப்பி சாப்புடுறீகளா?"

"அக்கா! காப்பி கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நீ அதிகாரியா பேசு. நடுவுல டீச்சராகாத."

மகன்களைப் பற்றிய கேள்வி வந்தால் மட்டும் உங்கள் சிரிப்பு நின்றுவிடும். "பெத்த புள்ளைக கஞ்சி ஊத்தலேன்னு என் வாயால சொல்லச் சொல்றியா? நாளைக்கு எம்பேரன் ஒரு ஆபீசுக்குப் போயி நிப்பான். உங்கப்பத்தாவ உங்கப்பன் பாக்கலேன்னு கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கேன்னு கேக்க மாட்டாகளா?"

எனக்குத்தான் எதற்கும் ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாதே. "அக்கா, இப்படிப் பாருங்க. மாடியில டேங்க்கு இருக்கு. அதுல தண்ணியும் இருக்கு. ஆனா கீழ குழாய்ல வரல. நீங்க டேங்க்கைத் திட்டவே வேணாம். குழாய்ல வரலைன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யும் இல்ல, பழியும் இல்ல."

யோசித்தீர்கள். "நல்லாத்தேன் இருக்கு. இப்புடி நீ பாடம் நடத்துன புள்ளைகள்லாம் பாசாச்சா?" என்று கேட்டீர்கள்.

அதோடு நிற்கவில்லை நான். தெரு முழுக்க வீடு வீடாகப் போய், அக்கா கேட்டால் ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். தையல்காரர், "அந்தம்மா கேட்டு எப்புடி டீச்சர் இல்லேங்கிறது?" என்று நெளிந்தார். "இல்லைன்னாத்தான் அவங்க இந்தத் தெருவுல இருப்பாங்க" என்றேன். ஜமுக்காளத்தை உடனே பரண்மேல் தூக்கிப் போட்டார்.

இரண்டாம் முறை வந்தவர் வருவாய் ஆய்வாளர், இளம்பெண். உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நான் உங்கள் வாசலிலேயே நின்றேன், தேர்வறைக் கண்காணிப்பாளர் மாதிரி. உட்கார வைக்க ஒன்றுமில்லாமல் நீங்கள் தவித்த தவிப்பு இருக்கிறதே! கடைசியில் வெங்காயச் சாக்கை உதறி விரித்து, அதன்மேல் முந்தானையால் நாலு தடவை துடைத்தீர்கள்.

அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பசங்க பாத்துக்கிறாங்களாம்மா?"

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தீர்கள்: "டேங்க்குல தண்ணி இருக்கு தாயி. குழாய்லதேன் வரல."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினார். எழுந்துபோய்த் தெருக்குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் கொட்டியது. "வருதேம்மா? வரலேன்னா கார்ப்பரேஷன்லதான் சொல்லணும், என்கிட்ட இல்ல." நான் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில், நான் பாடம் நடத்திய அத்தனை பிள்ளைகளும் தோற்றுப்போயிருந்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்தீர்கள். "சாப்டியா தாயி?" நான் வாசலில் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். என் பக்கமே நீங்கள் திரும்பவில்லை. "மூஞ்சி வாடிக் கெடக்கு. எங்கிட்ட இருக்கிறதக் குடிச்சுட்டு எழுது" என்று கம்மங்கூழைக் கரைத்து அலுமினியப் போணியில் நீட்டினீர்கள். தொட்டுக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. பசி அப்படி.

குடித்துக்கொண்டே பழைய விசாரணைக் குறிப்பைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "முன்னாடி வந்தப்போ வீட்ல கோழிக் குழம்புன்னு எழுதியிருக்கே?"

"இருந்துச்சு தாயி. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அந்தத் தம்பி சாப்ட்டுருச்சு."

அவர் சிரித்தார் பாருங்கள், கூழ் புரையேறி, கண்ணில் நீர் வந்து, நீங்களே போய்த் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. உங்களுக்கு அது சாதாரண பதில்.

"இப்ப தொட்டுக்க, வெஞ்சனத்துக்கு என்னம்மா பண்றீங்க?"

"அது இருந்தவரைக்கும் முட்டை போட்டுச்சு. இப்ப வெங்காயந்தேன்."

அவர் சிரிப்பு நின்றது. போணியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து வெகுநேரம் எழுதினார். புறப்படும்போது அந்தப் போணியைத் தானே குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

தொகை வந்தது. முதல் மாதம் வாடகையைக் கொடுத்த கையோடு நீங்கள் சந்தைக்குப் போய் ஒரு கோழிக்குஞ்சு வாங்கி வந்தீர்கள். முட்டைக்கு என்றுதான் நினைத்தேன். "முட்டைக்கும் ஆச்சு. அந்தப் புள்ள மறுபடி வந்தா கூழையா குடுக்குறது?" என்றீர்கள். நல்லவேளை, அந்தக் கோழி கிழடாகும்வரை எந்த அதிகாரியும் வரவில்லை.

பெட்டி தூக்காமல், கூடாரம் மாற்றாமல், அந்த அறையிலேயே இருந்தீர்கள். பேரன்கள்தான் விடுமுறைக்கு இங்கே வந்தார்கள். உங்கள் கால்மேல் படுத்துத் தூங்கினார்கள். ஒரு மார்கழி விடியலில் அந்த அறையிலிருந்தே போய்ச் சேர்ந்தீர்கள். பெரியவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ நாங்க வச்சுப் பாக்கலேன்னு ஊர்ல சொல்லுவாங்கல்ல டீச்சர்?" என்று அழுதான். "ஊரு சொல்லும். உங்கம்மா சொல்லல. ஆபீசர் முன்னால, பென்சன் போனாலும் போகட்டும்னு, சொல்லல" என்றேன். அவன் இன்னும் பெரிதாக அழுதான். நான் நிறுத்தவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது இந்தப் பக்கத்து நாலு தெருவுக்கும் மனு எழுதிக்கொடுப்பது நான்தான். டேங்க்கு உதாரணத்தை மட்டும் விட்டுவிட்டேன். பயிற்சியும் கொடுப்பதில்லை. போன வாரம் சாணார்பட்டிப் பக்கமிருந்து குடிவந்த ஓர் அம்மா, நாளைக்கு விசாரணை என்று முதல்நாள் மாலை என் வாசலில் வந்து நின்றார். கண் என் நாற்காலிமேல் இருந்தது. கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வர்றவுகளுக்கு என்ன டீச்சர் குடுக்கிறது?"

"வீட்டுல இருக்கிறதக் குடுங்கம்மா."

"வீட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

"அப்ப தண்ணி குடுங்க. உங்க சொம்புல குடுங்க."