கிளாஸ் பீருக்கு இரண்டு கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா.

நம் கடையில் இத்தனை வருஷம் பீரை மூடியோடு பாட்டிலில் விற்று அனுப்பினோம், இனிமேல் உட்கார வைத்துக் கிளாஸில் ஊற்றிக் கொடுக்க உரிமம் கேட்டிருக்கிறேன். அடுத்த தெருவில் பெரிய கடை வந்தபிறகு பாட்டில் வாங்க நம்மிடம் யார் வருகிறார்கள், இது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். உரிம அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்க அதையே தேடுகிற ஆள், விதிப் புத்தகத்தைப் பிரித்தார். குடிக்கிறவர் முகம் தெருவில் போகிறவர் கண்ணில் படக் கூடாதாம். திரை போடுகிறேன் என்றேன். ஜன்னலை மறைக்கக் கூடாது, போலீஸ் எட்டிப் பார்க்க வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறதாம். கடைசியில் பெஞ்சுகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன், நம் வாடிக்கையாளர்கள் இனி வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து குடிப்பார்கள். அப்புறம் நன்னடத்தைச் சான்று. என்னைப் பத்து வருஷமாகத் தெரிந்த, குடிப்பழக்கம் இல்லாத இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். குடிக்காதவர் என்னை எதற்குத் தெரிந்து வைத்திருக்கப் போகிறார். பல் டாக்டரையும் எதிர்வீட்டு டீச்சரையும் பிடித்தேன். டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டுக் கொடுத்துவிட்டு, “எப்பத் திறக்கறீங்க” என்று மெதுவாகக் கேட்டார்.

அளவு பார்க்க ஒரு ஆய்வாளர் வந்தார். கிளாஸில் கோடு இருக்க வேண்டும், கோடு வரை பீர் இருக்க வேண்டும். நுரை பீரில் சேர்த்தியா இல்லையா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நுரை அடங்கிவிட்டது, மறுபடி ஊற்றச் சொன்னார். அளந்ததை என்ன செய்வது என்று விதியில் இல்லையாம், அதனால் குடித்தார். மகராசன் ஏழு கிளாஸ் அளந்தார், எட்டாவதில் கோடு இரண்டாகத் தெரிகிறது என்று என்னைக் குற்றம் சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று போனால், உன் அப்பா சாகும்முன் பாதிக் கடையை உன் பேரில் எழுதியதைக் குமாஸ்தா கண்டுபிடித்துவிட்டார். “பங்குதாரர் ரெண்டு பேரும் நேர்ல வந்து என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடணும்மா, மாசக் கடைசிக்குள்ள” என்றார். அவள் கடல் தாண்டி இருக்கிறாள் என்றேன். இரக்கப்பட்டு இன்னொரு தாளை நீட்டினார், உன் பங்கை விட்டுக்கொடுப்பதாக நீ எழுதித் தபாலில் அனுப்பினால் போதுமாம், வரவே வேண்டாமாம். பீர் ஊற்ற ஆள் நேரில் வர வேண்டும், பெற்ற மகளை விலக்கத் தபால் போதும், என்ன சட்டமோ. ஆறு வருஷமாக நான் கூப்பிட்டுக் கிடைக்காத லீவு, சர்க்கார் கூப்பிட்டால் கிடைக்கிறதா என்று பார்ப்போம். அந்த இன்னொரு தாளை இதோடு வைக்கவில்லை. வைத்தால் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். வரும்போது அடையாள அட்டையை மறந்துவிடாதே. எனக்கு வேண்டாம், நான் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன், குமாஸ்தாவுக்குத்தான்.

இப்படிக்கு,
மற்றப் பாதிக்குச் சொந்தக்காரி,
அம்மா