சிவப்பு மருந்தும் ஒன்பது நாள் கஷாயமும்

1984 ஜூன் 4, திங்கள்
விடியலிலிருந்து மழை. சுங்கைப்பட்டாணியில் பஸ், பட்டர்வொர்த்தில் கடல் தாண்ட ஃபெர்ரி, பிறகு தீவின் பெரிய ஆஸ்பத்திரி. நாத்தனார் மேரிக்கு இடது மார்பில் கட்டி, வேகமாக வளரும் வகையாம். இன்றே வெட்டுவார்கள் என்று நைட்டி, துண்டு, ஜெபமாலை எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். டாக்டர் (நம் தமிழர், சின்ன வயது) முதலில் மருந்து, பிறகுதான் கத்தி என்றார்.

"கட்டிய எடுத்துட்டா மருந்து கேக்குதான்னு எதை வச்சுப் பாக்கிறது? இருக்கட்டும். சுருங்குதான்னு பாப்போம்."

நியாயம்தான். குழம்பு அடுப்பில் இருக்கும்போதே உப்புப் பார்ப்பதுபோல.

மூன்று மருந்து. ஒன்று ரோஸ் சிராப் நிறம். இந்தக் கூட்டு கேட்காவிட்டால் வேறு கூட்டு. "மூணையும் ஒண்ணா ஏத்தினா எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன். சிரித்தார். "அக்கா, எங்களுக்கே அந்தக் கேள்வி இருக்கு." கட்டி 8 செ.மீ. ஊசி 1 ஏறியது, இனி மூன்று வாரத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார்.

ஜூன் 6
மேரி நம் வீட்டில்தான். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டப் போக முடியாது. வாந்தி 4. கஞ்சி ½ கிண்ணம். சிறுநீர் சிவப்பாகப் போய் அலறிவிட்டாள். மருந்தின் நிறம்தான், டாக்டர் சொன்னதை நான்தான் சொல்ல மறந்தேன். "கொலகாரி அண்ணி!"
நோட்டில் இடப்பக்கம் மருந்து, வலப்பக்கம் ஜெபம்.

ஜூன் 25
ஊசி 2. முடி கொத்தாக உதிர்கிறது. கட்டி 6! டாக்டர் இரண்டு முறை அளந்தார். தோத்திரம்.

ஜூன் 27
நவநாள், ஒன்பது நாள் ஜெபம், தொடக்கம். மேரியின் எஸ்டேட்டிலிருந்து, கூட வேலை செய்யும் ஞானம்மாக்கா ஏதோ வேர்ப்பொடி கொடுத்தனுப்பினார். மாதா கோயில் தீர்த்தத்தில் காய்ச்சி, ஒன்பது காலையும் ஜெபம் முடிந்ததும் ஒரு டம்ளர். "லோங்கா தண்ணி மாதிரி இருக்கு லா." சாக்கடைத் தண்ணீராம்! மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

ஜூலை 16
கட்டி 4½. ஆனால் மேரி கண் மஞ்சள். ரத்தம் பார்த்ததில் ஈரல் கெட்டிருக்கிறது. ஊசி 3 இல்லை.
"சிவப்பு மருந்து ஒத்துக்கல போல. நிறுத்திட்டு வேற கூட்டு பாக்கணும். புதுசு இப்படிக் கேக்குமான்னு சொல்ல முடியாது. வீட்டுல வேற எதுவும் குடுத்தீங்களா?"
நோட்டின் இடப்பக்கத்தைப் பார்த்தேன். இல்லை என்றேன்.
ஃபெர்ரியில் வலப்பக்கம் புரட்டினேன். கஷாயம் 1, கஷாயம் 2... ஒன்பது வரை. ஜெபத்தோடு ஜெபமாக எழுதியிருக்கிறேன்.

ஜூலை 17
முதல் பஸ். தனியாக. நோட்டு, மிச்சப் பொடி இரண்டையும் டாக்டர் மேசையில் வைத்தேன். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
"ரெண்டு வாரம் எதுவுமே வேணாம். கண்ணு தெளியுதான்னு பாப்போம்."
"தெளிஞ்சா கஷாயம்தான்னு நிச்சயமா?"
"நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."
"அதுக்குள்ள கட்டி வளந்தா?"
"வளரலாம்."

ஜூலை 30
கண் வெள்ளை. ரத்தம் தேவலை. கட்டி 5. அந்த அரை செ.மீ. என்னால். மேரியிடம் சொல்லிவிட்டேன்.
"என்னைக் கேட்டா அரை சென்டிமீட்டர மன்னிச்சிடலாம் அண்ணி. அந்த ருசிய மன்னிக்க முடியாது."
சிவப்பு மருந்து மறுபடி ஏறுகிறது; ஈரலைக் கெடுத்தது கஷாயமா மருந்தா நிச்சயமில்லை, அதனால் அளவைக் குறைத்து. குறைத்த அளவு கேட்குமா? மூன்று வாரம் கழித்து அளந்தால்தான் தெரியும்.