இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே என் மைத்துனர்

அனுப்புநர்:
முடிதிருத்தும் கடைக்காரர்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க்கடை
(கடைக்குப் பின்புறமே வீடு).

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

பொருள்: துணையாளர் வந்துபோகும் குடியிருப்பில் என் மைத்துனருக்கு ஓர் அறை கேட்டது – இருமுறை மறுக்கப்பட்டது – அவரை மூடிய காப்பகத்தில் சேர்க்கச் சொல்லும் உத்தரவை நிறுத்திவைக்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கையும் இரண்டாம் ஆய்வறிக்கையும். (இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவியின் தம்பிக்கு வயது நாற்பத்தொன்று. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. அவ்வப்போது வலிப்பும் வரும். பெற்றோருக்குப் பின் அவரை என் மனைவி பார்த்துக்கொண்டாள். அவளும் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். "உங்களுக்கு என்ன தலையெழுத்து, ரத்த சொந்தமா?" என்று கேட்டவர் ஒருவரைப் பாதிச் சவரத்தில் எழுப்பி அனுப்பியிருக்கிறேன். இது மனு என்பதால் 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் 'டேய்'தான்.

2. கடைக்கு வருகிறவர்கள் அவரை 'மேனேஜர்' என்பார்கள். வாசலருகே முக்காலியில் உட்கார்ந்து, யாருக்குப் பின் யார் என்று வரிசை பார்ப்பது அவர் வேலை. "அடுத்தது நீங்க சார், உக்காருங்க" என்று அவர் சொன்னால் பெரிய மனிதர்களும் மறுபேச்சில்லாமல் உட்காருவார்கள். துண்டுகளைத் துவைத்து, உலர்த்தி, மூலை பிசகாமல் மடிப்பார். சட்டைப் பொத்தானைத் தானே போடுவார். அந்தப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க என் மனைவி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

3. அவரால் முடியாதவையும் உண்டு. அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்க மறந்துவிடுவார். மாத்திரையை யாராவது கையில் கொடுக்க வேண்டும். யார் கதவைத் தட்டினாலும் திறந்து உள்ளே கூப்பிடுவார். உடம்புக்கு வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஆகவே காலையும் மாலையும் ஒரு துணையாளர் வந்து பார்த்துப் போனால் போதும். மற்ற நேரத்தில் தன் அறையில், தன் சாவியோடு இருந்துகொள்வார். தங்கள் குடியிருப்பு அப்படிப்பட்டவர்களுக்கென்றே கட்டப்பட்டது என்று வாசல் பலகையில் போட்டிருக்கிறது. அது என் கடைக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அங்கே ஓர் அறை காலியாகவும் இருக்கிறது.

4. எனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இனித் தள்ளிப்போட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நான் மேசையிலிருந்து எழுந்து வருவேனா என்பதற்கு அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அதற்கு முன் என் மைத்துனருக்கு ஒரு வழி செய்ய வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

5. முதல் ஆய்வுக்கு ஓர் அம்மையார் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அன்று காலையில் மேனேஜருக்கு முடிவெட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை கொடுத்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் நாலு பேர் மெச்ச நிற்க வேண்டும் என்றுதானே ஐயா நம்மை வளர்த்திருக்கிறார்கள்? அவரும் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "சமைப்பீங்களா?" என்று அம்மையார் கேட்டார். "ஓ, சமைப்பேனே!" "தனியா இருந்துப்பீங்களா?" "இருப்பேனே!" நிலாவுக்குப் போவீர்களா என்று கேட்டிருந்தாலும் "போவேனே" என்றுதான் சொல்லியிருப்பார். நான் மண்டு, பக்கத்தில் நின்று பூரித்துக்கொண்டிருந்தேன். 'எவருடைய உதவியும் தேவையில்லை. துணையாளர் குடியிருப்புக்குத் தகுதி இல்லை' என்று அறிக்கை வந்தது.

6. மேல்முறையீடு செய்யப் போனபோது தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னங்க நீங்க, மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி ஜோடிச்சு நிறுத்தியிருக்கீங்க! முடியாததையில்ல காட்டணும்" என்றார். அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். உதவத்தான் சொன்னார்.

7. ஆகவே இரண்டாம் ஆய்வுக்கு முன்னால் மேனேஜரை உட்காரவைத்துச் சொன்னேன்: "டேய், கழுத்துல ஆபீஸ் அட்டை மாட்டினவங்க வருவாங்க. நீ எதுவும் செய்யக் கூடாது. எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. அப்பதான் வீடு கொடுப்பாங்க." சவரம் செய்யவில்லை. பொத்தானும் போடவில்லை. வந்த அலுவலர் கேட்ட எல்லாவற்றுக்கும் மேனேஜர் "தெரியாது" என்றார். பெயரைக் கேட்டதற்கும் அதேதான். 'முழுநேரப் பராமரிப்பு தேவை. துணையாளர் குடியிருப்பு பொருந்தாது. நகருக்கு வெளியே உள்ள மூடிய காப்பகத்தில் சேர்க்கலாம்' என்று இரண்டாம் அறிக்கை வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை ஆயிற்று என் கதை.

8. அந்தக் காப்பகத்தை நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே அடியில்லை, பட்டினியில்லை. பொய் சொல்ல மாட்டேன். வரிசையாகக் கட்டில்கள், சுவரில் ஒரு தொலைக்காட்சி, வெளிப்பக்கம் பூட்டிய கதவு. துணியெல்லாம் வெளியே சலவைக்குப் போய் மடித்தே வந்துவிடுகிறது. என் மைத்துனர் அங்கே நாள் முழுக்க என்ன செய்வார் என்று கேட்டேன். "செய்யறதுக்கு என்னங்க இருக்கு, சும்மா இருக்கலாம்" என்றார் காவலர். திரும்பி வருகிற பேருந்தில் அழுதேன். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் அங்கே சேர்க்காவிட்டால் குடியிருப்பு, காப்பகம் இரண்டின் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டு அறிக்கைகளும் முரண்படுகின்றனவே என்று கேட்டதற்கு, 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பாம்பும் சாகாமல் கோலும் நோகாமல் பதில் அனுப்பியிருக்கிறார்கள்.

9. இதையெல்லாம்விடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. இரண்டாம் அலுவலர் போன பிறகும் மேனேஜர் எதையும் செய்வதில்லை. துண்டுகள் ஈரத்தோடு குவிந்து கிடக்கின்றன. முக்காலியில் உட்காருகிறார், யாரையும் கூப்பிடுவதில்லை. காலையில் சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று சிரிக்கிறார். "அவங்க போயிட்டாங்கடா, இனிமே போட்டுக்கலாம்" என்று கெஞ்சினேன், அதட்டினேன், ஒருநாள் கையையும் ஓங்கிவிட்டேன். "வேணாம் மாமா, வீடு போயிடும்" என்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம். இதற்கு நான் யார்மேல் புகார் கொடுப்பேன் ஐயா?

10. ஆகவே தங்களிடம் மன்றாடுவது:

(அ) இரண்டு அறிக்கைகளையும் தள்ளிவைத்து, முன்னறிவிப்பின்றி ஒருவரை அனுப்ப வேண்டும். அவர் கேள்வி கேட்க வேண்டாம். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை கடையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். அதுவரை அந்தக் காலி அறையை வேறு எவருக்கும் ஒதுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

(ஆ) அது முடியாது என்றால், என் சிகிச்சை முடியும் வரையாவது காப்பக உத்தரவை நிறுத்திவைக்க வேண்டும்.

(இ) அதுவும் முடியாது என்றால், அலுவலர் ஒருவராவது வந்து அவரிடம் "நீங்க செய்யலாம், ஒண்ணும் ஆகாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கழுத்தில் அலுவலக அட்டை இருக்கட்டும். நான் சொன்னால் அவர் நம்பமாட்டேன் என்கிறார்.

வேறு யாரிடம் போவது என்று தெரியாமல் தங்கள் வாசலில் நிற்கும்,

(கையொப்பம்)
முடிதிருத்தும் கடைக்காரர்

இடம்: கடை
நாள்: இம்மாதக் கடைசித் திங்கட்கிழமை

இணைப்பு: ஆய்வறிக்கை நகல்கள் இரண்டு.

பயனாளியின் கையொப்பம்: தன் பெயரை எழுதத் தெரிந்தவர். பேனாவைக் கொடுத்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டார்.