சத்தம் வைக்காமல் ஆடியவள்

அக்கா,

நேற்று ஐந்தருவிக்குப் போயிருந்தேன். சாரல் தொடங்கிவிட்டது. சித்தி குடும்பம் ஊரிலிருந்து வந்திருந்ததால், கடையில் அரைநாள் லீவு கேட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எண்ணெய் வாசம். பழக்கடைகளைத் தாண்டும்போது, மசாஜ் செய்கிறவர்கள் இருக்கும் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எண்ணெய் பூசிய முதுகில் இரண்டு கைகள் மாறி மாறி விழும் சத்தம். வேகமாகப் பன்னிரண்டு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் இன்னும் ஒரு தட்டு.

பார்க்காமலேயே தெரிந்தது, உங்கள் அப்பாதான் என்று. துப்பட்டாவுக்குள் என் கட்டைவிரல் தானாக அசைந்தது. கடைசித் தட்டு விழுவதற்கு முன்பே அசைந்துவிட்டது.

உங்களிடம் சொல்லாமல் விட்டதை இனியாவது எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நீங்கள் என்னை முதலில் பார்த்தது கடையில்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, தென்காசியில் அந்த பேன்சி கடைக்கு வேலைக்கு வந்திருந்தேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் போனை மறைத்து வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். ஹேர்பின் வாங்க வந்த நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இது நான் ஆடுத கேம்லா! எங்க, உன் பேரக் காட்டு."

காட்டினேன். உங்கள் வாய் திறந்தபடியே இருந்தது. "நீதானா அது? குரூப்ல எல்லாரும் உன்ன பெங்களூர்ல இருக்க பெரிய ஆளுன்னு நெனச்சிட்டு இருக்கோம். இங்கன கிளிப்பு வித்துட்டு இருக்க!"

பாட்டுக்கு ஏற்றபடி திரையின் மேலிருந்து சின்னச் சின்னக் கட்டைகள் விழும். அவை கீழே இருக்கும் கோட்டைத் தொடுகிற நொடியில் விரலால் தட்ட வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். எந்தக் கட்டை எப்போது விழ வேண்டும் என்பதை ஆடுகிறவர்களே கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுக்கலாம். அதற்குச் சார்ட் என்று பெயர். இதை ஆடுகிறவர்கள் போனில் வைத்திருந்த நம் குரூப்பில் தமிழ் பேசுகிற நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பலர் சார்ட் செய்வார்கள். நீங்கள் செய்தால் மட்டும் எல்லாரும் காத்திருப்பார்கள்.

குரூப்பில் நடத்திய அந்தப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு நீங்கள் சார்ட் அனுப்பியபோது, பாட்டையும் நீங்களே செய்திருந்தீர்கள். அப்பா மசாஜ் செய்யும் சத்தத்தை போனில் பதிந்து, அருவி இரைச்சலைக் கீழே போட்டு, நீங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரிலேயே உட்கார்ந்து சேர்த்த பாட்டு. பெயர் 'முதுகு'. கடைசிச் சுற்றுக்குப் போகும் சார்ட்டை முதலில் ஒருவர் ஆடிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அட்மின் என்னைச் சொன்னார். உங்களுக்குச் சந்தோஷம்.

அக்கா, நான் அந்த விளையாட்டை ஒரு நாளும் சத்தம் வைத்து ஆடியதில்லை.

கடையில் போன் சத்தம் கேட்டால் முதலாளி அண்ணாச்சி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என்னிடம் ஹெட்செட்டும் இல்லை. வீடு ஒரே அறை. ராத்திரி வாட்ச்மேன் வேலை முடித்து வந்து என் அப்பா பகல் முழுவதும் தூங்குவார்; ராத்திரியில் மற்றவர்கள். அதனால் கண்ணால் பார்த்து, விரலுக்கு மனப்பாடம் செய்துதான் ஆடினேன். அப்படித்தான் முதலிடத்துக்கும் வந்தேன். பாட்டு விளையாட்டில் முதலாவதாக இருக்கிறவள் பாட்டையே கேட்டதில்லை என்று எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்குப் பேச்சு வராது. குரூப்பில்தான் முதன்முதலாக நான்கு பேர் என்னிடம் வந்து "நீங்க சொல்லுங்க" என்றார்கள். அதை இழக்க மனசு வரவில்லை.

'முதுகு' பெரிய சோதனையாக இருந்தது. இரண்டு கட்டைவிரலும் உங்கள் அப்பாவின் இரண்டு கை மாதிரி பறக்க வேண்டும். இரண்டு நாள் திணறினேன். நான்கு இடங்களில் மட்டும், பன்னிரண்டு கட்டைக்குப் பிறகு வரும் ஒற்றைக் கட்டை, தாளத்தைக் காட்டத் திரையில் இருக்கும் அளவுக் கோட்டில் உட்காராமல் தள்ளிக் கிடந்தது. தப்பாக வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். குரூப்பில் எழுதினேன்: "நான்கு இடத்தில் கடைசிக் கட்டை லேட். பாட்டோடு சேரவில்லை."

கேட்காத பாட்டைப் பற்றி எழுதினேன்.

அன்று சாயங்காலமே நீங்கள் கடைக்கு வந்தீர்கள். கோபமே இல்லை.

"சத்தத்த நல்லா கேட்டியாட்டி?"

"கேட்டேன்க்கா."

"எத்தன தடவ?"

"நாலு தடவ."

நினைக்கும்போது அந்த 'நாலு'தான் என்னைக் கொல்கிறது. வாய் கூசாமல் எண்ணிக்கையோடு சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஒரு வளையலை எடுத்துப் பார்த்து, திரும்ப அடுக்கில் வைத்தீர்கள். "அப்போ சரிதான். சின்னப் பிள்ளையில இருந்து கேட்டுக் கேட்டு என் காது பழகிட்டு போல. அப்பாவுக்குத்தான் கடைசில கை தப்புது" என்று சிரித்தீர்கள். அன்றைக்கே நான்கு கட்டைகளையும் அளவுக் கோட்டுக்கு நகர்த்திவிட்டீர்கள்.

கடைசிச் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைனில். சென்டரில் ஆள் இல்லாததால் பெரிய திரையில் போட்டீர்கள். இலத்தூர் வீட்டிலிருந்து உங்கள் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தீர்கள். அவர் வெளுத்த சட்டை போட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆடிய இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் அந்த நான்கு இடத்திலும் இருவருமே தவறவிட்டார்கள். காது ஒன்று சொல்கிறது, திரை ஒன்று சொல்கிறது. பார்த்துக்கொண்டிருந்த குரூப்காரர்கள் எழுதியது திரை ஓரத்தில் வரிவரியாக வந்தது: 'சார்ட் உடஞ்சிருக்கு', 'யாருப்பா டெஸ்ட் பண்ணது', 'முதுகு இல்ல, கூன் முதுகு'.

உங்கள் அப்பா, திரையில் முந்தி விழுந்த கட்டையைக் காட்டி மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, அங்கன நான் இவ்ளோ வெரசா போடமாட்டேனே? முடிஞ்சுட்டுன்னு ஆளு எந்திரிக்கப் பாப்பான். அப்போல்லா ஒண்ணு போடுவேன்."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பதற்காக அவர் வைத்திருந்த இடைவெளி அது. தப்பு அவர் கையில் இல்லை. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

"நாந்தாம்ப்பா மாத்தினேன்" என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் கடைக்கு வந்து ஒரு சின்னக் கவரை நீட்டினீர்கள். உள்ளே ஒயர் ஹெட்செட். "ஒரு காதுல மட்டும் மாட்டி, மேல முடிய விட்டுக்கோ. அண்ணாச்சிக்குத் தெரியாது." வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. பிரிக்காமலே பைக்குள் போட்டேன். அதன் பிறகு உங்கள் மெசேஜுக்குப் பதில் போடுவதைக் குறைத்தேன். ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் என்று குரூப்பில் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வரலாமா என்று எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை.

உங்களைக் கொண்டுபோன பிறகுதான் அந்தக் கவரைப் பிரித்தேன். நீங்கள் முதலில் அனுப்பிய சார்ட் என் போனில் அப்படியே இருந்தது. முதல் தடவையாக அதைச் சத்தத்தோடு போட்டேன். நான்கு இடத்திலும் அந்த ஒற்றைக் கட்டை, எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழுந்தது.

நேற்று சித்தி பிள்ளைகள் குளிக்கப் போனதும், உங்கள் அப்பாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மாமா, அன்னைக்கு அக்கா மேல தப்பு இல்ல. நாந்தான் சத்தமே வைக்காம ஆடிப் பாத்துட்டு தப்புன்னு சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "தெரியும்மா. அன்னைக்கு பஸ்ஸுலயே சொல்லிட்டா. அந்தப் பிள்ள சத்தம் வைக்காம ஆடிருக்குப்பா, கேட்டுராதீங்க, ரொம்பக் கூச்சப்படும்ன்னா."

அத்தனை நாள் உங்களிடமிருந்து எதை மறைத்து ஒதுங்கினேனோ, அதை நீங்கள் எனக்காக மறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

போனை எடுத்து, ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். உங்கள் முதல் சார்ட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு கட்டையும் சரியாக ஆடினேன். பிறகு என் விரல் முந்திவிட்டது. அதற்கப்புறம்தான் சத்தம் விழுந்தது, அவர் கையும் தொடையில் விழுந்தது.

"பொறும்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அவசரப்படாத. இன்னும் ஒண்ணு இருக்குல்லா."

இன்று காலை, நடந்ததையெல்லாம் பேசிப் பதிந்து குரூப்புக்கு அனுப்பினேன், அக்கா. அவர்கள் என் குரலை இன்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடுவில் இரண்டு இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. வெட்டாமல் அப்படியே அனுப்பினேன். கூடவே உங்கள் சார்ட், நான்கு கட்டைகளும் பழைய இடத்தில். உங்கள் பெயரில்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ஒரு காதில் ஹெட்செட்டை மாட்டி, மேலே முடியை விட்டுக்கொண்டு, ஏழு தடவை ஆடினேன். ஏழு தடவையும் அந்த இடத்தில் முந்திவிட்டேன்.